கண் இல்லாத கிளி

அத்தியாயம் 7

'செருப்புடன் உள்ளே வரக் கூடாது' என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. செல்லச்சாமி அதை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் உச்சிமாகாளி செருப்பைக் கழற்றிவிட்டான்.

"அண்ணாச்சி, கோமதியம்மன் சன்னதியிலகூட நான் இவ்வளவு பயந்து கழட்டினதில்ல. உள்ள எந்தச் சாமி இருக்கு?"

"கம்ப்யூட்டர்."

"கேட்ட வரம் கொடுக்குமா?"

"கரண்ட் இருந்தாக் கொடுக்குமாம். வாயை மூடிட்டு வா."

செல்லச்சாமி நாலாங்கிளாஸ் தாண்டாதவர். ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஊரார் கொண்டுவரும் சிக்கல்களைத் தன் போக்கில் துப்பறிந்து பார்ப்பவர். பேசுகிறவன் பொய் சொல்கிறான், பேசாதவன் அதைவிடப் பெரிய பொய்யை வைத்துக்கொண்டிருக்கிறான் என்பது ஸ்டேஷனில் அவர் கற்ற பாடம். பெண்டாட்டி போடும் காப்பியைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். உச்சிமாகாளி ஒரு காலத்தில் ஜட்கா ஓட்டினவன். குதிரை செத்த பிறகு பழைய ராஜ்தூத் பைக் ஒன்றை வாங்கி, அண்ணாச்சியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அலைகிறான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருந்தது அந்த அறை. மூலையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், கல்யாணப் பெண் மாதிரி முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தது. கரண்ட் இல்லை. ஏழெட்டுப் பிள்ளைகள் வேர்க்க வேர்க்க பெஞ்சில் இருந்தார்கள். கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தாள் கனகமணி. பெங்களூரில் வேலை பார்த்தவள். தாயாருக்கு முடியாமல் போனதால் ஊர் திரும்பி இந்த வகுப்பை நடத்துகிறாள். அவள் தம்பி மாணிக்கராஜ் இப்போது லாக்கப்பில் இருந்தான். கொலைக் கேஸ். நாளைக் காலையில் கோர்ட்டில் நிறுத்தி, பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள்.

அப்படியும் பாடம் நடத்துகிறாளே என்று செல்லச்சாமிக்குச் சந்தேகம் தட்டியது. பிறகு அவள் ஒரே எழுத்தை மூன்று தடவை அழித்து எழுதுவதைப் பார்த்தார். பேசாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"புதுசா சி பிளஸ் பிளஸ்னு ஒரு மொழி வந்திருக்கு. நம்ம மெஷின்ல அது இன்னும் கிடையாது. பலகையிலயே படிப்போம்" என்றாள் கனகமணி. "பஸ்னு சொல்லுதோம். அந்தப் பேர்மேல ஏறி உக்கார முடியுமா? முடியாது. கீழ நிக்குதே தென்காசி வண்டி, அதுலதான் ஏற முடியும். பஸ்ஸுன்னா என்னென்ன இருக்கணும், என்னென்ன செய்யணும்ங்கிற ஏற்பாடு இருக்குல்லா, அதுதான் கிளாஸ். அந்த ஏற்பாட்டுப்படி செஞ்சு ரோட்டுல விட்ட ஒவ்வொரு வண்டியும் ஒரு ஆப்ஜெக்ட். ஏற்பாடு ஒண்ணு, வண்டி ஆயிரம்."

"டிரைவர் பாடு?" என்றான் உச்சிமாகாளி.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கனகமணி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"இன்ஜினுக்குள்ள பயணி கையை விடப்படாது. அது பிரைவேட். ஒத்தை விசில் அடிச்சா நிக்கணும், ரெட்டை விசில் அடிச்சாக் கிளம்பணும். அந்த விசிலுக்குப் பேர் மெத்தட். உள்ள என்ன நடக்குன்னு நமக்குத் தெரிய வேண்டாம். விசில் அடிச்சா வண்டி என்ன செய்யுதுன்னு பாத்தாப் போதும்."

"எங்க ஊரு வண்டி விசிலுக்குக் கிளம்பாது டீச்சர். எறங்கித் தள்ளணும்."

"ஏலே, சும்மா கெட" என்றார் செல்லச்சாமி. பிறகு அவரே கேட்டார். "ஏம்மா, யாரும் கையை விடப்படாதுன்னா, ரிப்பேர் வந்தா?"

"அதுக்கும் வழி இருக்குய்யா. இன்னார் ஃப்ரெண்டுன்னு எழுதி வச்சிரலாம். அந்த ஆளு மட்டும் உள்ள கை வைக்கலாம். அவன் எதைத் தொட்டாலும் மொழி தடுக்காது."

"நல்ல ஏற்பாடாத் தெரியலியே."

"ஆளைப் பாத்துத்தான் எழுதணும்" என்று சொல்லிவிட்டு, பலகையில் 'பஸ்' என்று எழுதி, அதிலிருந்து கீழே இரண்டு கோடு இழுத்தாள். ஒரு முனையில் 'டவுன் பஸ்', மறு முனையில் 'எக்ஸ்பிரஸ்'. "இது ரெண்டும் பஸ்ஸுக்குப் பொறந்த பிள்ளைங்க. அப்பங்கிட்ட இருக்கிற எல்லாம் பிள்ளைக்கும் தானா வந்திரும். அதுக்கு மேல தனக்குன்னு ஒண்ணு ரெண்டு சேத்துக்கலாம். இதைத்தான் இன்ஹெரிட்டன்ஸ்னு சொல்லுதோம்."

"அப்பன் கிட்ட இருக்கிற கோளாறு?"

"அதுவும் வரும்யா."

செல்லச்சாமி தாடையைச் சொறிந்துகொண்டார்.

பிள்ளைகள் போனதும் கனகமணி எதிரில் வந்து உட்கார்ந்தாள். "எதாவது தெரிஞ்சுதாய்யா?"

தெரிந்தது எல்லாமே தலைகீழாக இருந்தது. கரிவலம் போகிற ரோட்டோரக் கிணற்றில் ஆட்டுக்காரன் பெருமாள்சாமி செத்து மிதந்தான். அவன் இறுக்கி மூடியிருந்த கைக்குள் ஒரு துண்டின் கிழிசல். அதில் பச்சைக் கிளி, கிளிக்குக் கண் இல்லை. சங்கரன்கோவிலில் கண்ணில்லாத கிளி போட்ட துண்டைத் தோளில் போட்டுத் திரிந்தவன் தறிக்காரன் மாணிக்கராஜ். 'குருட்டுக் கிளி' என்று டீக்கடையில் பட்டப்பேரே வைத்திருந்தார்கள். போதாக்குறைக்குக் கஞ்சி போட்டுக் காய வைத்திருந்த தறிப் பாவு நூலைப் பெருமாள்சாமியின் ஆடுகள் நக்கி நாசமாக்க, 'உன்னைக் கிணத்துல தள்ளாம விடமாட்டேன்' என்று நடுத்தெருவில் வைத்துக் கத்தியிருக்கிறான். துண்டைக் கொண்டுவா என்றால், பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்கிறான்.

பெருமாள்சாமியும் வாயை அடக்குகிற ஆள் இல்லை. தன் கிடாயைப் போலீஸ்காரன் பிடித்துக்கொண்டு போய்விட்டான் என்று சாகும்வரை பஸ் ஸ்டாண்டில் கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தான். ஆட்டுக்காரன் கூப்பாட்டை யார் காதில் வாங்குகிறார்கள்?

அந்தக் கிழிசலைச் செல்லச்சாமி கண்ணால் பார்த்திருந்தார். ஸ்டேஷனில் இப்போது ஏட்டாக இருக்கும் கோமதிநாயகம் அவர் கையில் வேலை பழகினவன். "அண்ணாச்சிங்கிறதால காட்டுதேன். என் மக கல்யாணத்துக்குத்தான் காய்ச்சல்னு வராம இருந்துட்டீக" என்று இன்ஸ்பெக்டர் இல்லாத நேரத்தில் எடுத்து நீட்டினான். கல்யாண வீட்டிலிருந்து அவன் கொடுத்தனுப்பிய பை பீரோ மேல் பிரிக்காமல் கிடப்பது செல்லச்சாமிக்கு அப்போது உறுத்தியது. கிழிசல் உள்ளங்கை அகலம். நாலு பக்கமும் பிய்ந்து நூல் தொங்கியது. கண்ணில்லாத கிளி. அதன் காலடியில் வரிசையாக மூன்று சின்னக் கட்டங்கள்.

"ஏம்மா, ஒரு வண்டிக்கு மட்டும் பிரேக் பிடிக்கலைன்னா அது அந்த வண்டியோட கோளாறு. செய்யுத வண்டிக்கெல்லாம் பிடிக்கலைன்னா?"

"கிளாஸ்ல கோளாறு."

"அப்பத் துண்டுக்கு?"

கனகமணி எழுந்து நின்றுவிட்டாள்.

"எந்திரிக்காத. நம்பிக்கைன்னு ஒண்ணும் நான் கொடுக்க வரல" என்றார் செல்லச்சாமி. "போலீஸ்காரன் ஒரு துண்டைத் தேடுதான். அந்தத் துண்டு எதுலேருந்து பொறந்துச்சுன்னு அவன் கேக்கல. நான் கேட்டுப் பாக்கேன்."

*

பரமசிவன் தறிக்கூடத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது. அதனால் பரமசிவனுக்குப் பிறந்ததிலிருந்தே கத்தல்தான்.

"அட்டையைக் காட்ட முடியாதுவே! டிசைன் அட்டை எங்க தொழில் ரகசியம்!"

தறியின் தலைக்குமேல் ஓட்டை போட்ட அட்டைகள் கோவையாகக் கோத்துத் தொங்கும். எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறதோ அந்த இழை எழும்பும். இழை எழும்புவதை வைத்துத் துணியில் கிளி விழும். பரமசிவன் அதன்மேல் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்.

"அட்டை வேண்டாம் முதலாளி. ஒரு சாண் ஓட்டிக் காட்டும். துணியைப் பாத்துட்டுப் போறோம்."

"அட்டையைப் பாக்காம?"

"உமக்குள்ள நாங்க கையை விடல" என்றான் உச்சிமாகாளி. "ரெட்டை விசில் மட்டும் அடிக்கோம்."

"இவன் என்னவே சொல்லுதான்?"

"அவனைக் காதுல வாங்காதியும். ஓட்டும்."

தறி ஓடியது. கிளியின் வால் வந்தது, கால் வந்தது, வயிறு வந்தது. கடைசியில் தலை வந்தது.

சிவப்பாக, மிளகு மாதிரி, கண் இருந்தது.

"போச்சு" என்றான் உச்சிமாகாளி.

ஏற்பாட்டில் கோளாறு இல்லை என்றால், கண்ணில்லாதது அந்த ஒரு துண்டு மட்டும்தான். அது மாணிக்கராஜ் துண்டு. தூக்குக் கயிற்றைத் தாங்களே திரித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் பரமசிவன் முகம் செல்லச்சாமிக்குப் பிடிக்கவில்லை. கண் சரியாக வந்ததில் ஒரு முதலாளிக்கு இத்தனை பெருமை எதற்கு?

"இந்தக் கண்ணு மொதல்லயிருந்தே இருக்கா?"

பரமசிவன் தறியை நிறுத்தினார். சத்தம் நின்றதும் குரலும் இறங்கிவிட்டது.

"அட்டை அடிச்ச புதுசுல ஒரு ஓட்டை விட்டுப்போச்சு. கிளி குருடாத்தான் விழுந்துச்சு. கண்ணில்லாத கிளியை எவன் வாங்குவான்? நெய்ததைப் பூரா தறிக்காரப் பயலுவளுக்கே தள்ளி விட்டேன். ஆளுக்கு ஒண்ணு. மத்தவனெல்லாம் வீட்டுல தரை துடைக்கப் போட்டுட்டான். மாணிக்கராஜ் ஒருத்தன்தான் வீம்புக்குத் தோளுல போட்டுத் திரிஞ்சான். அப்புறம் நான் விட்டுப்போன ஓட்டையைப் போட்டுட்டேன்."

"இதை இன்ஸ்பெக்டர்கிட்டச் சொன்னீரா?"

"அவரு கேக்கலியே."

செல்லச்சாமி சாண் துணியை மறுபடி கையில் எடுத்தார். கிளியின் காலடியைத் தடவிப் பார்த்தார். வெறும் வெள்ளை.

"காலடியில மூணு கட்டம் வருமே, எங்க?"

"என்ன கட்டம்? என் அட்டையில கட்டமே கிடையாது. அப்பவும் கிடையாது, இப்பவும் கிடையாது."

செல்லச்சாமி துணியை உச்சிமாகாளியிடம் நீட்டினார்.

"ஏலே, டீச்சரம்மா இழுத்த ரெண்டு கோடு ஞாபகம் இருக்கா?"

"அப்பங் கோளாறு பிள்ளைக்கு வரும். பிள்ளை தனக்குன்னும் ஒண்ணு சேத்துக்கும்."

"கிழிசல்ல கண்ணும் இல்ல, கட்டமும் இருக்கு. அது இந்த அட்டையில பொறந்தது இல்ல. இந்த அட்டைக்குப் பொறந்த இன்னொரு அட்டையில பொறந்தது." பரமசிவன் பக்கம் திரும்பினார். "ஓட்டையைப் போடுததுக்கு முந்தி அட்டையை யாருக்குவே நகல் எடுத்துக் கொடுத்தீர்?"

தொழில் ரகசியம் பற்றி அத்தனை கத்திய மனிதர் தரையைப் பார்த்தார்.

"கடையநல்லூர்ல முகம்மது ஹுசைன்னு ஒருத்தரு. பழகின ஆளு. கேட்டாரு, இல்லைன்னு சொல்ல முடியல."

*

புளியங்குடி வழியாக ராஜ்தூத் இரண்டு இடத்தில் நின்று, ஒரு இடத்தில் தள்ளப்பட்டு, கடையநல்லூர் போய்ச் சேர்ந்தது. தள்ளும்போது உச்சிமாகாளி, "இதுவும் ஏதோ அப்பன் வண்டிக்குப் பொறந்த கோளாறுதான் அண்ணாச்சி" என்றான். செல்லச்சாமி வெகுநாளைக்குப் பிறகு லேசாகச் சிரித்தார்.

முகம்மது ஹுசைன் வயசாளி. மகன் துபாயில். மருமகள் மீரா பீவிதான் கணக்கும் ஆர்டரும். வயசாளிக்குத் தறி மட்டும்.

"கிளித் துண்டா? நெய்தோம். அந்தா கெடக்கு பாருங்க ஒரு துண்டம்."

ஓரத்தில், தறிக்கு எண்ணெய் துடைக்கிற துணியாகக் கிடந்தது. செல்லச்சாமி உதறி வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய்க் கறைக்கு நடுவில் பச்சைக் கிளி. கண் இல்லை. காலடியில் மூன்று கட்டம்.

"கண்ணு விட்டுப்போயிருக்கு, பாக்கலியா பாய்?"

"பாக்காம என்ன? உசிருள்ளதுக்கு உருவம் குடுக்குறது எங்க வாப்பாவுக்கே இஷ்டமில்லாத காரியம். ஏதோ பொழப்புக்குச் செய்யுறோம். கண்ணில்லாம விழுந்ததும் அந்த மட்டுக்கும் நல்லதுன்னு விட்டுட்டேன். கட்டம் மட்டும் நாங்க போட்டது. காலடி வெறிச்சுன்னு இருந்துச்சு."

"எத்தனை பேருக்கு வித்தீக?"

"வெளிய விக்கவே இல்ல. ஒரே ஆர்டர். ஏதோ கல்யாணத்துக்குன்னு மொத்தமா வாங்கிட்டுப் போனாக. அதோட அட்டையைக் கழட்டிட்டேன்."

"யாரு வாங்கினது?"

"அது மருமவளுக்குத்தான் தெரியும். அவ உம்மா வீட்டுக்குப் போயிருக்கா. மத்தியானம் லுஹர் தொழுகை முடியவும் வந்திருவா. இருங்க, சாயா சொல்லுறேன்."

செல்லச்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆயுசு முழுக்க எல்லாரையும் சந்தேகப்பட்டே காலம் தள்ளிய மனிதருக்கு, ஒரு நல்ல சேதியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை. இந்த நேரத்தில் ஸ்டேஷனில் கேஸ் கட்டைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். மாணிக்கராஜை ஒப்புக்கொள்ளச் சொல்லி இன்னொரு முறை சுவரோடு நிறுத்தியிருப்பார்கள். எப்படி நிறுத்துவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவரே நிறுத்தியிருக்கிறார்.

தெருமுனை மருந்துக்கடையில் போன் இருந்தது. சங்கரன்கோவில் ஸ்டேஷனைக் கேட்டுக் காத்திருந்தார்.

"இன்ஸ்பெக்டர்கிட்டயா பேசப் போறீக?" என்றான் உச்சிமாகாளி.

"அவன் நேத்து வந்தவன். அவனை எவன் நம்புவான்? நம்ம கோமதிநாயகம்கிட்டச் சொல்லுதேன். காக்கிச்சட்டையை எப்படி மடிக்கணும்னு நான் சொல்லிக் கொடுத்த பய."

இணைப்பு கிடைத்தது. செல்லச்சாமி கத்திக் கத்திச் சொன்னார். அந்தக் கிழிசலைப் பத்திரமாக உறை போட்டு வை. காலடியில் மூன்று கட்டம் இருக்கிறது பார், அதுதான் உயிர்நாடி. அது மாணிக்கராஜ் துண்டு இல்லை, வேறு தறித் துண்டு. யார் வாங்கினான் என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். அதுவரை அந்தப் பயலை அடிக்க விடாதே.

எதிர்முனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"கேக்காலே?"

"கேக்கு அண்ணாச்சி. மூணு கட்டம். நான் பாத்துக்கிடுதேன். வேற யாருட்டயும் சொல்லிராதீக" என்றான் கோமதிநாயகம்.

போனை வைத்துவிட்டு, "பொறுப்பான பய" என்றார் செல்லச்சாமி.

*

மீரா பீவி வாசலிலேயே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள். நல்ல ஞாபகசக்தி. கேட்டதும் சொல்லிவிட்டாள்.

"உங்க ஊரு ஆளுதானே அண்ணாச்சி வாங்கினாக. போலீஸ்காரக. ஏட்டு கோமதிநாயகம். மவ கல்யாணத்துக்கு வார ஸ்டேஷன்காரகளுக்கெல்லாம் மரியாதைக்குப் போர்த்தணும்னு சொன்னாக. எங்களையும் கூப்பிட்டாக. கிடாக்கறி விருந்து, ஊரே வரும்னு பெருமையாச் சொன்னாக. நாங்கதான் போக முடியல."

செல்லச்சாமி கையிலிருந்த சாயாக் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

பெருமாள்சாமி பஸ் ஸ்டாண்டில் போட்ட கூப்பாடு அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. என் கிடாயைப் பிடிச்சுட்டுப் போயிட்டான், என் கிடாயைப் பிடிச்சுட்டுப் போயிட்டான். பேரைச் சொல்லித்தான் கத்தியிருப்பான். யாராவது நின்று கேட்டிருந்தால் பேரும் தெரிந்திருக்கும்.

"என்ன அண்ணாச்சி?" என்றாள் மீரா பீவி. "தப்பா எதும் சொல்லிட்டனா?"

"நீ சரியாத்தான் சொன்னேம்மா."

உச்சிமாகாளி வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான். வழக்கமாக மூன்று உதைக்கு ஒரு நக்கல் வரும். இந்தத் தடவை உதை மட்டும்தான் விழுந்தது.

*

ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியோடு கனகமணி நின்றிருந்தாள். தம்பிக்குச் சோறு. உள்ளே விடவில்லை போலிருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கிய செல்லச்சாமியை ஓரடி முன்னால் வந்து பார்த்தாள். அவர் நிற்காமல் படியேறினார்.

"வாங்க வாங்க அண்ணாச்சி" என்று எழுந்தான் கோமதிநாயகம். "வெயில்ல அலைஞ்சு கறுத்துப் போயிட்டீகளே. டீ சொல்லட்டா?"

இன்ஸ்பெக்டர் மேசைக்குப் பின்னால் இருந்தார். இளவட்டம். "ஏட்டு சொன்னார். ஏதோ கட்டம் கண்டுபிடிச்சிருக்கீங்களாம். நானும் பார்த்தேன். எனக்கொண்ணும் தெரியலை. நீங்களே காட்டுங்க."

உறையைப் பிரித்துக் கிழிசலை மேசைமேல் போட்டார்.

பச்சைக் கிளி. கண் இல்லை. காலோடு துணி முடிந்துவிட்டது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

செல்லச்சாமி குனிந்து பார்த்தார். மூன்று பக்கம் பிய்ந்து நூல் தொங்கியது. நாலாவது பக்கம் நேராக இருந்தது. கத்தரியால் வெட்டினால் மட்டும் வருகிற நேர்.

"சார், இதுல கீழ் ஓரத்தைப் பாருங்க. வெட்டியிருக்கு. இங்கன மூணு கட்டம் இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

"எப்பப் பார்த்தீங்க? நான் இதை உங்களுக்குக் காட்டவே இல்லையே. சாட்சிப் பொருளை யார் எடுத்துக் காட்டினா?"

செல்லச்சாமி கோமதிநாயகத்தைப் பார்த்தார். அவன் அவரை நேராகத்தான் பார்த்தான்.

"நான் எதுக்கு சார் வெளியாளுக்குக் காட்டப் போறேன்?" என்றான். "அண்ணாச்சிக்கு வயசாயிட்டு. அந்தப் பொண்ணு அழுததுல மனசு இளகிட்டு."

வெளியாள். செல்லச்சாமிக்கு அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"உம்ம துண்டு எங்கவே?" என்று கேட்டார்.

"எந்தத் துண்டு?"

"மக கல்யாணத்துக்கு எல்லாருக்கும் போர்த்தினீரே, கடையநல்லூர்த் துண்டு."

"சலவைக்குப் போட்டிருக்கேன்" என்றான் கோமதிநாயகம், கண்ணைச் சிமிட்டாமல். "ஏன், உங்களுக்கும் ஒண்ணு பையில போட்டுக் குடுத்து விட்டேனே. இன்னும் பிரிக்கலியா? கட்டம் போட்ட கிளின்னு கோர்ட்டுல போய்ச் சொன்னீகன்னா, வாங்கின வீட்டுலயெல்லாம் தேடுவாக அண்ணாச்சி. உங்க பீரோவையும் சேத்து."

இன்ஸ்பெக்டர் கிழிசலை எடுத்து உறைக்குள் போட்டு அரக்கு வைத்தார். அவர் அதற்குள் வேறு ஏதோ பேப்பரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் மாணிக்கராஜ் எழுந்து நின்றிருந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மறு கண்ணால் செல்லச்சாமியையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு நேரமும் ஏதோ நல்லது நடக்கிறது என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது. முகத்தில் அது இன்னும் இருந்தது.

வெளியே வந்தபோது உச்சிமாகாளி அவர் செருப்பை எடுத்து நேராகப் போட்டான். ஸ்டேஷனுக்குள் போகும்போது எப்போது கழற்றினார் என்று அவருக்கே நினைவில்லை.

"அந்த நேர் ஓரத்தை நானும் ஜன்னல்ல நின்னு பாத்தேன் அண்ணாச்சி" என்றான் மெதுவாக. "எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன்."

"ஜட்காக்காரன் சொல்லை எவன் எடுப்பான்?"

"அதுக்காகச் சொல்லாம இருக்க முடியுமா?"

செல்லச்சாமி செருப்பை மாட்டிக்கொண்டார். வேப்பமரத்தடியிலிருந்து கனகமணி வந்தாள். தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"ஐயா, துண்டு எங்க தம்பியோடது இல்லைன்னு கண்டுபிடிச்சுட்டீங்க, கிழிசல்ல மூணு கட்டம் இருக்குன்னு, நீங்க உள்ள போகவும் உச்சிமாகாளி அண்ணாச்சி சொன்னாரே. கட்டத்தைப் பத்திச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் மக்கா."

"இப்பவா?"

"இப்ப இல்ல. மத்தியானமே சொல்லிட்டேன்."

"யாருகிட்டய்யா?"

செல்லச்சாமி திரும்பி ஸ்டேஷன் ஜன்னலைப் பார்த்தார். உள்ளே கோமதிநாயகம் டீ கிளாஸை இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து வெளியே பார்த்து, பழைய மரியாதையில் தலையை லேசாக ஆட்டினான்.

கனகமணி அந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். தூக்குச்சட்டியைச் செல்லச்சாமி கையில் கொடுத்தாள்.

"உங்களைன்னா உள்ள விடுவாங்க" என்றாள். "சோறு ஆறுது."